மாமரத்தடியில் தூங்கும் கிழங்குகள்: திருகோணமலை வளவுக்கு ஒரு நிழல்தோட்டம்

உவர்மலையில் உங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு பெரிய மாமரமும் இரண்டு வேம்பும் நிற்கின்றன, அடியில் புல்கூட ஒழுங்காக முளைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா தன் வீட்டு மரநிழலில் ட்ரில்லியம், ஹொஸ்டா என்று வளர்த்துப் படம் படமாக அனுப்புகிறார். அவற்றை எடுப்பித்து இங்கே நட்டால் வருமா, வராதென்றால் எல்லோர் வீட்டிலும் நிற்கிற குரோட்டனும் மணிபிளான்டும் இல்லாமல், வருடா வருடம் தானாக எழும்புகிற அபூர்வமான செடிகள் நம் நிழலுக்கு இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் செடிகள் வராது. வெள்ளை ட்ரில்லியம் ஒன்ராறியோ மாகாணத்தின் சின்னப்பூ, 1937இலேயே அப்படி அறிவித்துவிட்டார்கள். அது அந்தக் காட்டின் குளிரோடு பிறந்த செடி. வருடத்தில் சில மாதங்களாவது அதன் கிழங்கு குளிர்ந்த மண்ணில் கிடந்தால்தான் உள்ளே இருக்கும் மொட்டு அடுத்த பருவத்துக்கு விழிக்கும். விதை போட்டு வளர்த்தால் பூப் பார்க்க ஏழெட்டு வருடம் போகும். ஹொஸ்டாவுக்கும் குளிர்கால உறக்கம் தேவை. இங்கே வைத்தால் முதல் வருடம் வேர்க்கட்டையில் இருந்த பலத்தில் இலை விடும், நமக்கும் சந்தோசமாக இருக்கும். அடுத்த வருடம் இலை சிறுக்கும். அதற்கடுத்த வருடம் மண் வெறுமையாக இருக்கும். நுவரெலியாவில்கூட உறைபனி என்பது சில இரவுகளின் கதைதான், அது போதாது. இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து கிழங்கோ வேரோ கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. பயணப்பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவருகிற ஒரு கிழங்கோடு வரும் நோய் நம் தோட்டங்களையெல்லாம் பிடிக்கலாம். அக்காவிடம் படம் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆனால் அந்தப் படங்களிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. கனடாக் காட்டில் மரங்கள் மாரியில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். பனி உருகியதும், மரம் மறுபடி இலை மூடுவதற்கு முன், சில வாரங்கள்தான் நிலத்தில் வெயில் விழும். அந்தச் சில வாரத்துக்குள் ட்ரில்லியம் முளைத்துப் பூத்துவிடும். மரம் மூடியதும் அந்தக் காட்டின் பல செடிகள் அடங்கி உறக்கத்துக்குப் போய்விடும். அதாவது அங்கே காட்டடிச் செடியின் வாழ்க்கையை ஆட்டுவது வெளிச்சம். நம் காடு வேறு. பாலை, வீரை, கருங்காலி என்று நிற்கிற நம் வறண்டவலயக் காட்டின் பெருமரங்களில் பல வருடம் முழுக்க இலையோடுதான் இருக்கும். வெளிச்சம் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு. மாறுவது தண்ணீர். ஆகவே இங்கே காட்டடிச் செடிகள் தண்ணீருக்கு எழும்பித் தண்ணீர் போனதும் தூங்குகின்றன. மரநிழலில் செடி வைப்பதில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய விசயம் இதுதான்: அழகைப் பார்த்து இடம் ஒதுக்காதீர்கள், தூக்கத்தைப் பார்த்து ஒதுக்குங்கள். ஒரே காலத்தில் தூங்குபவை ஒரே பாத்தியில் இருக்க வேண்டும்.

நம்மூரில் வருடத்துக்கு ஏறக்குறைய 1500 முதல் 1600 மில்லிமீற்றர் மழை. குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் அதில் அரைவாசிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். மாசி, பங்குனி வறட்சி. சித்திரையில் சிறுமாரி என்று கொஞ்சம் தூறும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வருகிற காற்று அது, ஈரம் இல்லாமல் சூடாக வந்து காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானத்துக்குள் உறிஞ்சிவிடும். நிழலில் நிற்கிற செடிக்கும் தப்பில்லை, ஏனென்றால் நிழல் வெயிலைத்தான் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

இந்தக் காலநிலைக்குள் கிழங்குச் செடிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து தூங்குகின்றன. ஒரு கூட்டம் கச்சானில் தூங்கி மாரியில் எழும்பும். கார்த்திகைப்பூ, ஓரிலைத்தாமரை இந்தக் கூட்டம். மற்றக் கூட்டம் சித்திரைச் சிறுமாரிக்கு எழும்பி மார்கழி வரை நின்று, தைப்பொங்கலோடு மஞ்சளித்துத் தூங்கப் போகும். மஞ்சள், கச்சோலம், கருணை இந்தப் பக்கம். பொங்கல் பானையில் இலையோடு மஞ்சள் கட்டுகிறோமே, அது முற்றி அடங்கப்போகிற நேரம் என்பதால்தான் அப்போது பிடுங்க வசதியாக இருக்கிறது. இரண்டாவது கூட்டத்துக்குக் கச்சானில் நாம் தண்ணீர் கொடுத்தாக வேண்டும். முதல் கூட்டத்துக்கு அதே தண்ணீர் நஞ்சு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்தவர் ஒருவரின் வேலியோரம் நின்ற கார்த்திகைக் கிழங்கு இருபதைக் கேட்டு வாங்கி, கச்சோலம் நின்ற பாத்தியிலேயே இடையிடையே நட்டேன். அந்த மாரியில் பூத்துக் குலுங்கியது. ஆடி மாதம் கச்சோலம் வாடுகிறதே என்று கிழமைக்கு மூன்று தரம் குழாய் பிடித்தேன். புரட்டாசியில் கார்த்திகைக் கிழங்கு முளைக்கவேயில்லை. தோண்டிப் பார்த்தபோது கையில் வந்தது தோல் மட்டும், உள்ளே தண்ணீராகக் கரைந்திருந்தது. இருபதில் இரண்டுதான் மிஞ்சியது, அதுவும் பாத்திக்கு வெளியே கல்லோடு ஒட்டிக் கிடந்தது. காய்ந்த மண்ணில் கிடந்தது தப்பியது, கவனித்து வளர்த்தது செத்தது. பிறகுதான் பாத்திகளைப் பிரித்தேன்.

சரி, செடிகளுக்கு வருவோம்.

கார்த்திகைப்பூவை முதலில் சொல்கிறேன். காந்தள் என்று சங்கப் பாட்டில் வருவது இதுதான். பற்றைக்காட்டின் ஓரத்தில், தலை வெயிலிலும் கால் நிழலிலுமாக நிற்கிற கொடி, ஆகவே உங்கள் மாமரத்தின் நடுவில் அல்ல, நிழல் முடிகிற விளிம்பில் வையுங்கள். கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள்: இரண்டு கையை விரித்த மாதிரி, கலப்பை வடிவில் இருக்கும். அதனால்தான் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். முளை இருப்பது ஒவ்வொரு கையின் நுனியிலும் மட்டும். நுனி முறிந்தால் அந்தக் கை வெறும் மாவுதான், முளைக்காது. ஆகவே நிலத்தில் படுக்கையாக, நாலு விரல் ஆழத்தில், புரட்டாசிக் கடைசியில் மழைக்கு முன் வைத்துவிடுங்கள். மழை விழுந்ததும் ஈர்க்குப் போல ஒரு தண்டு வரும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்தில் எது கிடைத்தாலும் பிடிக்கும், ஒரு காய்ந்த கிளையைக் குத்திவிட்டால் போதும். பூ விரியும்போது பச்சையும் மஞ்சளும், நாளாக ஆகச் சிவந்துகொண்டே போகும். ஒரே கொடியில் மூன்று நிறத்தில் பூ நிற்பதைப் பார்க்கலாம். தை கடைசியில் கொடி காயும். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்.

இதில் ஒரு எச்சரிக்கை, இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். இந்தச் செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் அதிகம். கொல்கிசின் என்கிற பொருள் அது. வற்றாளைக் கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு நம் நாட்டில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள், அவித்தாலும் நஞ்சு போகாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால், ஆடு கட்டுகிற வளவென்றால், வேறு செடி பாருங்கள். நடுகிற இடத்தில் ஒரு கல்லை அடையாளமாகப் புதையுங்கள். கச்சானில் மேலே ஒன்றும் தெரியாது, யாராவது மரவள்ளி நடவென்று கொத்தி எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோகக்கூடாது.

கச்சோலம் எனக்கு மிகவும் பிடித்தது. மருந்துக் கடையில் காய்ந்த வில்லையாகத்தான் பலர் பார்த்திருப்பார்கள். செடியாக அது நிற்பதே இல்லை, படுத்திருக்கும். இரண்டு மூன்று வட்டமான இலை நிலத்தோடு ஒட்டி, யாரோ பச்சைத் தட்டை வைத்துவிட்டுப் போன மாதிரி. காலை ஆறு மணிக்குக் குந்தியிருந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு வெள்ளைப் பூ விரிந்திருக்கும். இதழ் மெல்லிய கடுதாசி போல, நடுவில் இரண்டு ஊதாப் பொட்டு. விரலால் தொட்டால் தொட்ட இடம் கண்ணாடியாகிவிடும், அவ்வளவு மெல்லிசு. வெயில் ஏறி மத்தியானம் தாண்டும்போது சுருங்கிவிடும். அடுத்த நாள் அதே இடத்திலிருந்து இன்னொன்று வரும். இதைப் பார்க்க வேண்டுமென்றால் நாம் அதனிடம் போக வேண்டும், நடைபாதையின் ஓரத்தில் வையுங்கள், தூரத்தில் வைத்தால் வருடம் முழுக்கப் பூவையே காணமாட்டீர்கள். கிழங்கைக் கீறினால் கற்பூரமும் இஞ்சியும் கலந்த வாசம். அலுமாரியில் சீலைகளுக்கு இடையில் ஒரு காய்ந்த துண்டு வைத்துப் பாருங்கள்.

அதே குடும்பத்தில் இன்னும் இரண்டு. ஒன்று கஸ்தூரி மஞ்சள். முகத்துக்குப் பூசுவதை அறிவோம், அதன் பூவை அறியமாட்டோம். இலை வருவதற்கு முன்னமே வெறும் நிலத்திலிருந்து கதிர் கிளம்பும், மேலே இளஞ்சிவப்பு மடல்கள். கடையில் அந்தப் பெயரில் விற்கும் தூளுக்கும் இந்தச் செடிக்கும் சில வேளை சம்பந்தமே இருக்காது, ஆகவே பச்சைக் கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். மற்றது கச்சோலத்தின் அக்கா மாதிரி ஒன்று, சிங்களத்தில் சவுகெந்த என்பார்கள். அதன் இலை நிமிர்ந்து நிற்கும், மேலே வெள்ளிக் கோலம், அடியில் ஊதா. பூ இதிலும் இலைக்கு முன், வெறும் மண்ணில் வெள்ளையும் ஊதாவுமாக, நல்ல வாசத்தோடு. மண்ணிலிருந்து நேரே பூ வருவதைப் பார்க்கிற முதல் வருடம் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவீர்கள்.

கருணைக்கிழங்கைக் கறிக்கு மட்டும் என்று நினைத்திருப்பீர்கள். நிழலில் அதைப்போல் ஒரு காட்சி வேறில்லை. ஒரு கிழங்கிலிருந்து ஒரே ஒரு இலைதான் வரும், ஆனால் அது ஒரு சின்ன மரம் போல நிற்கும். பாம்புத்தோல் போலப் புள்ளி விழுந்த தண்டு, உச்சியில் குடையாக விரிந்த இலை. வருடா வருடம் கிழங்கு பெருக்க, இலையும் உயரும். கிழங்கு போதிய அளவு பெருத்த ஒரு வருடம், இலைக்கு முன் பூ வரும்: கறுத்த ஊதா நிறத்தில் ஒரு பெரிய மடல், நடுவில் சுருங்கிய குமிழ். அதன் நாற்றம் செத்த எலி மாதிரி. காரணத்தோடுதான் நாறுகிறது. அழுகலைத் தேடுகிற வண்டும் ஈயும்தான் அதற்கு மகரந்தம் சுமப்பவை. முதலில் பெண்பூக்கள் தயாராகும், பிறகுதான் ஆண்பூக்கள் மகரந்தம் உதிர்க்கும், தன் மகரந்தம் தனக்கே விழாமல் இருக்க. ஓரிரு நாளில் நாற்றம் அடங்கிவிடும். படுக்கை அறை யன்னலுக்கு நேரே மட்டும் வைக்காதீர்கள். வெறும் கையால் கிழங்கைக் கீற வேண்டாம், ஊசி மாதிரி நுண்ணிய ஒட்சலேற்றுப் படிகம் இருக்கிறது, அதுதான் சுணைக்கிறது.

ஓரிலைத்தாமரை என்கிற நில ஓர்க்கிட் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. முதல் மழைக்குப் பிறகு ஒரு மெல்லிய தண்டில் பூ வரும், அது உதிர்ந்த பிறகே இலை வரும், அதுவும் ஒன்றே ஒன்று, மடிப்பு மடிப்பாக, இதய வடிவில், நிலத்தோடு. ஆனால் இதைக் காட்டில் கண்டால் தோண்டாதீர்கள். கன்னியாப் பக்கத்துக் காட்டிலோ நிலாவெளி தாண்டியோ போகும்போது கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். ஒதுக்குக்காட்டிலிருந்து எதை எடுப்பதும் குற்றம், ஓர்க்கிட்களில் பல பாதுகாக்கப்பட்ட இனங்கள். சட்டத்தை விடுங்கள், இந்த வகை ஓர்க்கிட் மண்ணில் இருக்கிற பூஞ்சணத்தோடு சேர்ந்துதான் வாழ்கிறது. தோண்டிக் கொண்டுவந்த கிழங்கு ஓரிரு வருடத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். காட்டிலும் இல்லை, வீட்டிலும் இல்லை என்றாகிவிடும். வளர்ப்பவர் ஒருவர் தன் சாடியிலிருந்து பிரித்துத் தந்தால் வாங்குங்கள்.

இந்தத் தூங்குமூஞ்சிகளை மட்டும் நட்டால் வருடத்தில் பாதி நாள் தோட்டம் வெறும் நிலமாகத் தெரியும். ஆகவே தூங்காத சிலவற்றை எலும்புக்கூடாக நிறுத்த வேண்டும். மருள் முதலாவது. பாம்புவால் போல நிற்கிற அந்தச் செடி நம் வறண்ட காட்டில் இயல்பாக வளர்வது, அதன் அறிவியல் பெயரிலேயே இலங்கையின் பெயர் இருக்கிறது. கடையில் தாய்லாந்துச் செடி என்று மஞ்சள் கரை போட்ட அதன் உறவை விலை கொடுத்து வாங்குகிறோம், வேலிக்குள் நிற்பதைப் பிடுங்கி எறிகிறோம். இரவில் அது பூக்கும்போது வாசத்துக்காகவே வெளியே போய் நிற்கலாம். கொடுவேலியும் அப்படித்தான், வெள்ளைப் பூ, நிழலில் தளதளவென்று படரும், வேர்ச்சாறு மட்டும் தோலில் கொப்புளம் போடும். சாத்தாவாரி முள்ளோடு ஏறி, மழைக்குப் பிறகு சின்னச் சின்ன வெள்ளைப் பூவாகப் பூத்து வளவையே மணக்கச் செய்யும். அதன் கிழங்குக் கொத்தே தண்ணீர்க்குடம், கச்சானை அதை வைத்தே கடந்துவிடும். கனகாம்பரத்தைச் சொல்லத் தேவையில்லை, அது இயல்பில் நிழலடிச் செடி என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். வெயிலில் பாத்தி பிடிப்பது பூ விற்பதற்காக.

வெளிநாட்டுச் செடிதான் வேண்டும் என்றால் பனிநாட்டை விட்டுவிட்டு வெப்பநாட்டுக் காடுகளைப் பாருங்கள். ஆபிரிக்காவின் ஸ்கடொக்சஸ், சிவப்புப் பந்து மாதிரிப் பூக்கும், நம் நாட்டுத் தோட்டங்களில் பல காலமாக இருக்கிறது, பேர் தெரியாமலேயே யாராவது வைத்திருப்பார்கள். தென்னமெரிக்காவின் யூக்கரிஸ், வெள்ளைப்பூ, ஆழ்ந்த நிழலில் பூக்கும். அக்காவின் ஹொஸ்டாவுக்கு ஈடாக ஒன்று வேண்டுமென்றால் மயில் இஞ்சி, கச்சோலத்தின் இனம், இலையில் மயில்தோகைக் கோலம். அந்தூரியத்தை விட்டுவிடுங்கள். அதற்குக் கண்டிக் காற்றின் ஈரம் வேண்டும், கச்சானில் அதன் இலை ஓரம் கருகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மனவேதனை.

இனி மண். உண்மையில் இங்கேதான் நம் எல்லோருடைய தோட்டமும் தோற்கிறது, செடியில் அல்ல. விடியக்காலை எழும்பி முற்றம் கூட்டுவது நம் பழக்கம், நல்ல பழக்கம். ஆனால் மரத்தடியையும் சேர்த்துக் கூட்டிச் சருகைக் குவித்துக் கொளுத்துகிறோம். வருடக்கணக்காக ஈர்க்குமாறு பட்ட நிலம் சீமெந்து மாதிரி இறுகியிருக்கும். மழைத்தண்ணீர் மேலால் ஓடும், உள்ளே இறங்காது. காட்டில் யாரும் கூட்டுவதில்லை, சருகு உக்கி உக்கி மேல்மண் பஞ்சாக இருக்கிறது. உங்கள் மாமரத்தடியில் புல் வராததற்கு நிழலைவிட ஈர்க்குமாறுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வீட்டைச் சுற்றிப் பத்தடி கூட்டுங்கள், அதற்கு அப்பால் சருகு கிடக்கட்டும்.

பாம்பு வரும் என்பீர்கள். பயம் நியாயமானது, நம் பக்கம் சுருட்டையும் கண்ணாடிப் புடையனும் உண்டு. ஆகவே நான் செய்வது இது: பாத்திக்கு நடுவே இரண்டடி அகலத்தில் பாதை விட்டு, அதைத் துப்புரவாகக் கூட்டி மணல் போட்டிருக்கிறேன். மண்ணில் கை வைக்கும் முன் ஒரு தடியால் சருகைக் கிளறுவேன், வெறுங்காலோடு போகமாட்டேன், இருட்டில் ரோர்ச் இல்லாமல் போகமாட்டேன். கல்லுக்குவியலும் விறகுக்குவியலும் எலிக்கும் பாம்புக்கும் வீடு, அவை நிழல்தோட்டத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். சிரட்டை, சாடித் தட்டு எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், மாரியில் டெங்குக் காய்ச்சல் நம்மூரில் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

பாத்தி போட அலவாங்கால் மாமர வேர்களை வெட்டித் தள்ளாதீர்கள். பெருவிரல் தடிப்புக்கு மேல் உள்ள வேரை விட்டுவிட்டு, இடையில் கிடைக்கும் இடங்களில் ஒன்றரை அடிக்குக் கிடங்கு வெட்டுங்கள். அடியில் தென்னம்பொச்சை இரண்டு நாள் ஊறவைத்து அடுக்கி, மேலே உக்கிய மாட்டெருவும் சருகும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். பொச்சு தண்ணீரைப் பிடித்துவைக்கும், உக்கும்போது பொட்டாசியமும் தரும், தென்னைக்குச் செய்வதைத்தான் நிழல்செடிக்கும் செய்கிறோம். மரத்தின் அடித்தண்டோடு மண்ணை அணைக்கக்கூடாது, பட்டை அழுகும், மூன்றடி தள்ளி நிற்கட்டும். மாரியில் கிழங்கு மூழ்காமல் இருக்கப் பாத்தி ஒரு சாண் உயரமாக இருக்க வேண்டும். நீங்கள் மேட்டில் இருப்பது இதற்கு வசதி.

வெளிச்சம் எவ்வளவு என்று பார்க்க ஒரு வெள்ளைக் கடுதாசி போதும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பாத்தியில் கடுதாசியை வைத்து, ஒரு அடி உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல் விரலாகக் கூர்மையான நிழல் விழுந்தால் அது வெயில், கார்த்திகைப்பூவுக்கும் சாத்தாவாரிக்கும் சரி. கலங்கலாக, ஆனால் கை என்று தெரிகிற நிழல் விழுந்தால் கச்சோலமும் அதன் உறவுகளும் கருணையும் அங்கே. நிழலே விழவில்லை என்றால் மரத்தைத்தான் திருத்த வேண்டும். மாங்காய் முடிந்த பிறகு ஆவணியில் கீழ்க்கொப்புகளை எடுத்து, எட்டுப் பத்தடிக்கு மேல் குடையைத் தூக்கிவிடுங்கள். வேம்படி இயல்பிலேயே சல்லடை நிழல், உங்கள் வளவில் நல்ல இடம் அதுதான். கூட்டம் பிரிப்பதற்கும் உங்களுக்கு மரங்கள் தோதாக இருக்கின்றன: தண்ணீர்க் குழாய்க்குக் கிட்ட இருக்கிற மரத்தடியில் கச்சோலக் கூட்டம், குழாய் எட்டாத மரத்தின் விளிம்பில் கார்த்திகைப்பூக் கூட்டம்.

கச்சான் காலத்தில் கச்சோலப் பாத்திக்குக் கிழமைக்கு இரண்டு தரம், காலையில், ஆழமாக ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதில் பயனில்லை, மேல் ஈரத்தை மாமர வேர்தான் குடிக்கும். காற்று வரும் மேற்குப் பக்கத்தில் கிடுகு கட்டி மறைத்தால் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறையும். கிணற்றுத் தண்ணீர் ஆவணியில் உவர்ப்புத் தட்டினால் இலைநுனி முதலில் கருகும். அப்படியானால் தாங்கியில் பிடித்த மழைத்தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ இந்தப் பாத்திக்கு ஒதுக்குங்கள், மருளுக்கும் கொடுவேலிக்கும் உவர்ப்பு அவ்வளவு தெரியாது.

மான் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குள் நின்ற புள்ளிமான்கள் நகரத் தெருக்களுக்கும் வந்து போவது உங்களுக்குத் தெரியும். படலையைத் திறந்து வைத்தால் இளங்குருத்தை ஒரே இரவில் மேய்ந்துவிடும். கருணையின் சுணையும் மருளின் நாரும் அவற்றைக் கொஞ்சம் தள்ளிவைக்கும், மற்றவற்றுக்குப் படலைதான் காவல். பாலையூற்றில் இருக்கிற எனக்கு மானைவிட முள்ளம்பன்றிதான் தொல்லை, கிழங்கை மணந்து வந்து கிண்டும். கோழிக்கூட்டுக் கம்பிவலையை மண்ணுக்கு நாலு விரல் கீழே படுக்கையாகப் போட்டுவிட்டேன், முளை கண்களுக்கு ஊடாக வந்துவிடும். மாரி இரவுகளில் ஆபிரிக்க நத்தை வரும், அதற்கு மருந்து தேவையில்லை, ரோர்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்குங்கள்.

ஒரே மாரியில் எல்லாவற்றையும் நட்டுவிட அவசரப்படாதீர்கள். இந்த வருடம் கூட்டுவதை நிறுத்திப் பொச்சுக்கிடங்கு போட்டு, மருளும் கொடுவேலியும் மட்டும் வையுங்கள். புரட்டாசியில் கார்த்திகைக் கிழங்கு நாலைந்து. கச்சோலத்துக்குச் சித்திரை வரை பொறுக்க வேண்டும். வறண்டவலயச் செடிகளை வளர்ந்த நிலையில் பார்க்க ஆசையென்றால், அம்பாந்தோட்டைப் பக்கம் போகும்போது மிரிஜ்ஜவிலத் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள், 2013இல் திறந்தார்கள், நம்முடையதைப் போன்ற வறண்ட நிலத்துக்கென்றே அமைத்தது.

நான் மாசி மாதம் கச்சோலத்தைக் கிண்டிப் பிரிப்பேன். முளை உள்ள துண்டு ஐந்தாறு உங்களுக்கென்று மணலில் போட்டு வைக்கிறேன், பங்குனி முடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது உங்கள் மாமரத்தடி மண்ணில் ஒரு சிரட்டை கொண்டு வாருங்கள், தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் பொச்சு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிவிடலாம்.